தொட்டிலருகே ஒரு குறிப்பேடு

'ஆயா' என்ற சொல் நமக்குப் புதியதன்று. பள்ளியில் ஆயா, மருத்துவமனையில் ஆயா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டிற்கு வரும் ஆயா என்று நாள்தோறும் வழங்கி வருகிறோம். தமிழ்நாட்டின் சில பகுதிகளில் பாட்டியையும் ஆயா என்றே அழைப்பதால் இது நம் நாட்டுச் சொல்தான் என்று எண்ணத் தோன்றும். ஆனால் சம்பளத்திற்குக் குழந்தை வளர்க்கும் பெண்ணைக் குறிக்கும் 'ஆயா' போர்த்துக்கீசியரோடு கப்பலில் வந்த சொல். அதன் மூலத்தைத் தேடிப் போனால் இலத்தீன் மொழியில் பாட்டியைக் குறிக்கும் 'ஆவியா' என்ற சொல்லில் போய் நிற்போம். கடல் கடந்து வந்த சொல்லும் இங்கேயே இருந்த சொல்லும் பாட்டியிடம் வந்து சேர்ந்துகொண்டது ஒரு வேடிக்கைதான்.

இந்த வேடிக்கைக்குள் ஒரு பழைய எண்ணம் ஒளிந்திருக்கிறது. பிள்ளை வளர்ப்பு பாட்டிக்குத் தெரிந்த வேலை; பெண்ணாய்ப் பிறந்தவளுக்குத் தானாக வரும்; அதைத் தனியாகக் கற்பானேன்? உலகெங்கும் மக்கள் நெடுங்காலம் இப்படித்தான் நினைத்தனர். பிறர் குழந்தையை வளர்ப்பது கற்கவேண்டிய ஒரு தொழில் என்ற கருத்து தோன்றி ஏறத்தாழ 130 ஆண்டுகளே ஆகின்றன. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். அதில் அறிவியல் வழிகாட்டிய இடங்களும் உண்டு. அறிவியலின் பெயரால் வழி தவறிய இடங்களும் உண்டு.

இலண்டனில் ஒரு பயிற்சிப் பள்ளி

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் வசதியான வீடுகளில், குழந்தைகள் தாயிடம் இருந்த நேரத்தைவிடத் தாதியிடம் இருந்த நேரமே மிகுதி. அந்தத் தாதியோ பெரும்பாலும் சிறு பெண்ணாக வேலைக்கு வந்து, மூத்த தாதி செய்வதைப் பார்த்துப் பழகியவள். அவள் கையில் கொடுக்கப்பட்ட பால்புட்டி ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். கண்ணாடிக் குடுவையிலிருந்து நீண்ட ரப்பர் குழாய் ஒன்று கிளம்பும். அதன் நுனியில் காம்பு. குழந்தை படுத்தபடியே தானாகக் குடித்துக்கொள்ளும் என்பதால் மிகவும் வசதி. ஆனால் அந்தக் குழாயின் உட்புறத்தை நன்றாகக் கழுவ வழியே இல்லை. பாலில் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு அதைவிட ஏற்ற இடத்தைத் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. அக்காலத்தில் இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறந்த 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 150 குழந்தைகள் முதலாண்டு நிறையும் முன்பே இறந்தன. பாஸ்டரின் கண்டுபிடிப்புகள் ஆய்வுக்கூடங்களில் ஏற்கப்பட்டுவிட்டன. தொட்டிலருகே இருந்தவளுக்கு அவற்றைச் சொல்வார் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்ப முனைந்தவர் எமிலி வார்டு. 1876-இல் இலண்டனில் ஒரு பள்ளியைத் தொடங்கி நடத்தியவர் அவர். குழந்தை விளையாட்டின் வழியே கற்கிறது என்று கூறி, 1840-இல் 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயரை வழங்கிய ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெலின் கொள்கையில் பற்றுக் கொண்டவர். பள்ளிக்கு வரும் குழந்தைகளின் முதல் சில ஆண்டுகள் தேர்ச்சியற்ற கைகளில் கழிவதைக் கண்டு, 1892-இல் 'நார்லாந்து நிலையம்' என்ற பயிற்சிப் பள்ளியை நிறுவினார். குழந்தைத் தாதியருக்கென்றே ஏற்பட்ட முதல் பயிற்சிப் பள்ளிகளில் இது ஒன்று. வகுப்பறைப் பாடம், பின் மருத்துவமனையில் பயிற்சி, பின் ஒரு குடும்பத்தில் பணி. இவற்றையெல்லாம் முடித்த பிறகே சான்றிதழ். குழந்தையை அடித்தல் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. பிரம்பு கல்வியின் ஓர் உறுப்பாகக் கருதப்பட்ட காலத்தில் இவ்விதி எழுந்தது என்பதை நாம் மறக்கலாகாது. நார்லாந்துத் தாதியிடம் வீட்டின் மற்ற எடுபிடி வேலைகளைச் சுமத்தலாகாது என்றும் எமிலி வார்டு வற்புறுத்தினார்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பயிற்சிக்குக் கட்டணம் உண்டு. அதைச் செலுத்த முடிந்தவர்கள் நடுத்தரக் குடும்பத்துப் படித்த பெண்களே. பல தலைமுறையாகத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்த ஏழைப் பெண்ணுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. தொழில் உயர்ந்தது, அத்தொழிலை அதுவரை செய்தவள் உயரவில்லை. நார்லாந்து இன்றும் பாத் நகரில், பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரியாக இருந்துவருகிறது.

இதே காலத்தில் இதே இலண்டனில் வேறு சில தாதியரும் இருந்தனர். இந்தியாவிலிருந்து திரும்பும் ஆங்கிலக் குடும்பங்களோடு, வாரக்கணக்கில் கடலில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வந்த நம் நாட்டு ஆயாக்கள்தாம் அவர்கள். ஆடுகின்ற கப்பலில், வாந்தியும் காய்ச்சலுமாகக் கிடக்கும் குழந்தைகளைக் கரை சேர்ப்பது எளிய வேலையா என்ன? கரை சேர்ந்ததும் பலருக்கு வேலை முடிந்துவிடும். சிலருக்குத் திரும்பும் பயணச் சீட்டுக்கூடக் கிடைக்காது. அவ்வாறு நின்றவர்களுக்கு இலண்டனில் 'ஆயாக்கள் இல்லம்' என்று ஒரு விடுதி இருந்தது. 1900-இல் அது ஹாக்னி பகுதிக்கு மாறியது. கப்பல் பயணிகள் பட்டியல்களில் இப்பெண்களின் சொந்தப் பெயர் பல இடங்களில் இல்லை. இன்ன சீமாட்டியின் ஆயா என்றே எழுதப்பட்டிருக்கிறது. அந்த விடுதிக் கட்டடத்தில் நினைவுப் பலகை பொருத்தப்பட்டது 2022-இல்தான்.

கடிகாரம் வளர்த்த குழந்தைகள்

அறிவியல் வழி தவறிய இடம் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு வருவோம்.

நியூசிலாந்தில் ட்ரூபி கிங் என்ற மருத்துவர் 1907-இல் தாய்சேய் நலத்திற்கென ஒரு சங்கம் கண்டார். அதன் கரிடானே மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற 'கரிடானே தாதியர்' வீடுகளுக்குச் சென்று குழந்தை வளர்த்தனர். 1918-இல் இம்முறை இலண்டனுக்கும் பரவியது. தூய்மை, நல்ல காற்று, தாய்ப்பாலின் சிறப்பு ஆகியவற்றை அவர் வலியுறுத்தியது நன்று. ஆனால் அவருடைய முறையில் குழந்தைக்குப் பால் கொடுப்பது கடிகாரத்தைப் பார்த்து. நான்கு மணிக்கு ஒருமுறை; இரவில் கூடாது. இடையில் அழுதால் அழட்டும். அடிக்கடி தூக்கிக் கொஞ்சினால் குழந்தை கெட்டுவிடும். நியூசிலாந்தின் குழந்தை இறப்பு விகிதம் அந்நாளில் உலகிலேயே மிகக் குறைவான நிலைக்கு வந்தபோது, பெருமை முழுவதும் இம்முறைக்கே போயிற்று. 1907-க்கு முன்பே இறப்பு விகிதம் இறங்கத் தொடங்கிவிட்டது என்பதைப் பின்னர் வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டினர்.

தாய்ப்பால் சுரப்பு, குழந்தை உறிஞ்சும் அளவைப் பொறுத்தது. அடிக்கடி உறிஞ்சினால் அதிகம் சுரக்கும். இடைவெளி நீண்டால் குறையும். ஆகவே கடிகாரத்தை நம்பியவர்கள் தங்களை அறியாமலே பாலைக் குறைத்துக்கொண்டனர். குழந்தை கேட்கும்போது கொடுப்பதே இன்றைய மருத்துவம் ஏற்றுக்கொண்ட முறை. அழும் குழந்தையைத் தூக்க வேண்டும் என்று அந்தத் தாதியரில் பலருக்குக் கைகள் பரபரத்திருக்கும். தாம் கண்டதை அவர்கள் யாரிடம் சொல்வது? விதியை நிறைவேற்றுவதே அவர்களுக்குக் கற்றுத்தரப்பட்டது. கண்ணால் கண்டதை எழுதி வைக்கக் கற்றுத்தரப்படவில்லை.

தூய்மை மட்டும் போதாது என்பதை 1945-இல் ரெனே ஸ்பிட்ஸ் வெளியிட்ட ஆய்வு அதிர்ச்சி தரும் வகையில் காட்டியது. நல்ல உணவும் மருத்துவமும் இருந்த ஓர் அனாதைக் குழந்தைகள் இல்லம். ஆனால் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு ஒரே தாதி. அங்கிருந்த 91 குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் இரண்டாண்டுகளில் இறந்துபோயின. அவருடைய ஆய்வு முறையைப் பற்றிப் பின்னாளில் கேள்விகள் எழுந்தன. ஆயினும், ஒரு குழந்தைக்கு நிலையான ஒருவர் தேவை என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

அடுப்பெரிப்பவரும் எழுதினார்

நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மாணவர்களிடம் ஓயாமல் சொல்வது ஒன்று: அளந்ததை அளந்தவுடன் குறிப்பேட்டில் எழுது, பிறகு நினைவிலிருந்து எழுதாதே. இந்த எளிய பழக்கம் குழந்தை வளர்ப்பில் புகுந்தபோது என்ன நடந்தது என்பதுதான் இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இரண்டாம் உலகப்போரின்போது, குண்டுவீச்சால் வீடிழந்த குழந்தைகளுக்காக அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் இலண்டன் ஹாம்ஸ்டெட்டில் காப்பகங்கள் நடத்தினர். அங்கு வேலை செய்த இளம்பெண்கள் பலர் ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளிலிருந்து அகதிகளாக வந்தவர்கள், முன்பயிற்சி இல்லாதவர்கள். அவர்களுக்கு வேலையோடு வேலையாகப் பாடமும் நடந்தது. யாராக இருந்தாலும் குழந்தைகளைப் பற்றித் தாம் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுதித் தர வேண்டும் என்பது அங்கே விதி. முதலில் எல்லோரும் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டனர். பிறகு ஒரு பெண்ணுக்குச் சில குழந்தைகள் என்று பிரித்து, சிறு குடும்பங்களைப்போல் ஆக்கினர். உடனே அழுகை, பொறாமை, பிடிவாதம் எல்லாம் வெடித்தன! ஏற்பாடு தோற்றது என்றே யாரும் நினைத்திருப்பர். ஆனால் சில வாரங்களில் கொந்தளிப்பு தணிந்து, பேச்சிலும் பழக்கங்களிலும் குழந்தைகள் விரைந்து முன்னேறின. நாள்தோறும் எழுதிய அட்டைகள் இல்லாவிட்டால் இது யாருக்கும் தெரிந்திராது.

அந்தக் காப்பகத்தில் கொதிகலன் அடுப்பைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். விதிப்படி அவரும் அட்டை எழுதினார். எழுதி எழுதிக் கண் கூர்மையடைந்தது. 1952-இல், மருத்துவமனையில் தாயைப் பிரிந்து எட்டு நாள் இருந்த இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றி அவர் ஒரு திரைப்படம் வெளியிட்டார். குழந்தை ஓய்ந்து அமைதியாகிவிட்டால் பழகிவிட்டது என்று மருத்துவர்கள் கொண்டிருந்த நம்பிக்கையை அந்தப் படம் அசைத்தது. 1959-இல் பிரிட்டிஷ் அரசின் பிளாட் குழு, நோயுற்ற குழந்தைகளைப் பெற்றோர் எந்நேரமும் பார்க்க இடமளிக்கப் பரிந்துரைத்தது. அடுப்பெரித்தவர் எழுதிய அட்டையிலிருந்து எவ்வளவு தூரம் பாருங்கள்!

ஹங்கேரியில் எம்மி பிக்லர் இதை இன்னும் ஆழமாகச் செய்தார். 1930-களில் புடாபெஸ்டில் குடும்ப மருத்துவராக வீடுவீடாகச் சென்று குழந்தை வளர்ப்பைக் கவனித்தவர் அவர். 1946-இல் லோட்சி தெருவில் குழந்தைகள் இல்லம் ஒன்றை ஏற்றபோது, மருத்துவமனைப் பழக்கங்களில் ஊறியவர்களை விடுத்து, முன்பயிற்சி இல்லாத இளம்பெண்களையே தேடிப் பயிற்றுவித்தார். தூக்குமுன் குழந்தையிடம் சொல்லிவிட்டுத் தூக்க வேண்டும். சட்டை மாற்றும்போது கையைப் பிடித்து இழுக்காமல், கையை நீட்டச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். தானாக உட்காராத குழந்தையை உட்கார வைக்கலாகாது. தானாக நிற்காத குழந்தையை நிறுத்தி வைக்கலாகாது. இவற்றோடு ஒவ்வொரு குழந்தைக்கும் குறிப்பேடு. எந்த நாள் புரண்டது, எந்த நாள் தவழ்ந்தது, எதைப் பிடித்து எழுந்தது என்று அப்பெண்கள் எழுதிக்கொண்டே வந்தனர். யாரும் பிடித்து நடத்தாமலே குழந்தைகள் நடக்கக் கற்கின்றன என்று பிக்லர் உலகுக்குச் சொன்னபோது, அதற்கு ஆதாரமாக நின்றவை இந்தக் குறிப்பேடுகளே.

நம் மண்ணோடும் இவ்வரலாற்றுக்கு ஒரு தொடர்பு உண்டு. 1939-இல் அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், போரினால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலில் இருந்த ஆண்டுகளில் மிக இளங்குழந்தைகளின்பால் அவர் கருத்து திரும்பியது. 1947-இல் ரோமில், பிறந்த நாள் முதல் குழந்தையைக் கவனிக்கும் துணைவியருக்கென்று அவர் வழியில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது.

கற்பதற்கு நேரம் எங்கே?

ஆயாவுக்கு அப்படி என்ன அறிவியல் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்று சொல்கிறேன். 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 600 சதுர செ.மீ.; பருமன் 1000 கன செ.மீ. பக்கத்தை 20 செ.மீ. ஆக்கினால் மேற்பரப்பு 2400, பருமனோ 8000. சிறிய பொருளுக்குத்தான் பருமனை நோக்க மேற்பரப்பு மிகுதி. எனவேதான் குளிப்பாட்டியபின் ஈரத்தோடு விட்ட கைக்குழந்தை நம்மைவிட விரைவில் வெப்பத்தை இழக்கிறது. துண்டைத் தயாராக வைத்துக்கொண்டே குளிப்பாட்ட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. அழுகிற குழந்தையைக் கோபத்தில் குலுக்கலாகாது. தலை கனம், கழுத்துத் தசை மெலிவு. குலுக்கும்போது மண்டையோட்டிற்குள் மூளை அசைந்து இரத்தக்குழாய்கள் கிழியக்கூடும். இவற்றைப் புரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. சொல்லிக்கொடுக்க ஒருவரும், கேட்டுக்கொள்ள நேரமும் தேவை.

நேரம்தான் கடினமாக இருக்கிறது. 2011 ஜூனில் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையை ஏற்றது. வேலை இல்லாவிட்டாலும் அழைத்தால் வர வேண்டுமென்று காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிடுவது பற்றி அது பேசுகிறது. தூங்கும் குழந்தையருகே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இது மிகவும் பொருந்தும். அதனுடன் வந்த 201ஆம் பரிந்துரை, வீட்டுப் பணியாளர்களின் திறனும் தகுதியும் தொடர்ந்து வளர நாடுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது. தேவையானால் எழுத்தறிவும் கற்பிக்கச் சொல்கிறது. இந்தியா இவ்வுடன்படிக்கைக்கு ஆதரவாக வாக்களித்தது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. நம் நாட்டுத் திறன் பயிற்சித் திட்டங்களில் குழந்தைப் பராமரிப்பாளர் என்ற பிரிவு இருக்கிறது. ஆனால் பயிற்சிக்குச் செல்லும் நாளில் கூலியைப் பிடித்துக்கொண்டால் யார் போவார்கள்? நார்லாந்தில் கட்டணமாக நின்ற சுவர், இங்கே இழந்த கூலியாக நிற்கிறது.

உங்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வருகிறார் என்றால், கூலி குறையாமல் மாதத்தில் ஒரு நாளைப் பயிற்சிக்கு விடுவது உங்களால் ஆகக்கூடியது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கித் தருவது அதைவிட எளிது. அவருக்கு எழுத வராவிட்டால் மாலையில் அவர் சொல்ல நீங்கள் எழுதுங்கள். இன்று எதைப் பார்த்து வெகுநேரம் நின்றது, எந்த ஒலிக்குத் திரும்பியது, எதைக் கண்டு அழுதது என்று கேளுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் குழந்தையின் பெயரோடு அவருடைய பெயரையும் எழுதி வையுங்கள்.