கோத்தா திங்கி: பல்கலைக்கழக மாணவர்களும் ஊராட்சியின் சுற்றுச்சூழல் பணியும்

பரப்பளவில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தின் மிகப் பெரிய மாவட்டம் கோத்தா திங்கி. ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டர் நிலத்தில் காடும் செம்பனையும், கூட்டரசு நில மேம்பாட்டு அமைப்பான பெல்டாவின் குடியேற்றங்களுமே பெரும்பகுதி. தோட்டங்களோடு வளர்ந்த தமிழ்க் குடும்பங்களும் தமிழ்ப்பள்ளிகளும் இங்கு உண்டு. கோத்தா திங்கி மாவட்ட மன்றம், தென்கிழக்கு முனையில் பெங்கெராங் நகராண்மைக் கழகம் என இரண்டு ஊராட்சி மன்றங்கள் மாவட்டத்தைக் கவனிக்கின்றன. அருகிலுள்ள பெரிய பொதுப் பல்கலைக்கழகம், ஸ்கூடாயில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். மக்கள் வாயில் அது யூடிஎம். சுற்றுச்சூழல் விஷயத்தில் மாணவர்களும் ஊராட்சியும் இம்மாவட்டத்தில் சந்தித்துக்கொண்ட இடம் பெரும்பாலும் ஜொகூர் ஆறுதான். ஆற்றங்கரையில் குப்பை பொறுக்கும் பணிகள் படத்தோடு செய்தியாகிவிடுகின்றன. ஊராட்சிக்கு நெடுநாள் பயன் தருவது மாணவர்கள் அளந்து எழுதிவைக்கும் தரவு. இக்கட்டுரை அதையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

முன்வரலாறு

பல்கலைக்கழகம் தன்னைச் சுற்றியுள்ள ஊருக்குக் கடமைப்பட்டது என்ற எண்ணத்துக்கு அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டம் அடித்தளமிட்டது. நிலமானியம் பெற்ற கல்லூரிகள் வேளாண்மையையும் தொழில்நுட்பத்தையும் கற்பிக்க வேண்டும் என்றது அது. நெதர்லாந்தில் 1970களில் எழுந்த ‘அறிவியல் கடைகள்’ இன்னொரு வழியைக் காட்டின. குடியிருப்போர் சங்கமோ தொழிற்சங்கமோ ஒரு கேள்வியோடு வந்தால், பல்கலைக்கழக மாணவர்கள் அதைத் தங்கள் பாடத்தின் பகுதியாக எடுத்து ஆராய்ந்து விடை தந்தார்கள். ஆற்று நீரின் தூய்மை, ஆலைப் புகை போன்றவை அங்கே அடிக்கடி வந்த கேள்விகள்.

ஆசியாவில் இந்த எண்ணம் தொண்டின் வடிவில் வேர்பிடித்தது. இந்தியாவில் காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய காந்திகிராமம், கிராம நலவாழ்வைக் கல்வியோடு சேர்த்தே வைத்தது. இந்தோனேசியா 1970களின் தொடக்கத்தில் ‘குலியா கெர்ஜா ஞாதா’ முறையைக் கொண்டுவந்தது. பட்டப்படிப்பு மாணவர்கள் சில வாரங்கள் கிராமத்தில் தங்கி, கிராமத் தலைவரோடு சேர்ந்து வேலை செய்வார்கள். மலாய்க்கு நெருங்கிய மொழி பேசும் அண்டை நாடு என்பதால் மலேசியப் பல்கலைக்கழகங்களுக்கு அந்த முறை புதிதன்று.

மலேசியாவில் கதை வேறு பாதையில் போனது, அதன் திருப்புமுனை ஜொகூரிலேயே நிகழ்ந்தது. 1974 செப்டம்பரில் ஜொகூர் பாருவின் தாசேக் உத்தாராவில் புறம்போக்குக் குடியிருப்பாளர்கள் வெளியேற்றப்பட்டபோது, பல்கலைக்கழக மாணவர்கள் அவர்கள் பக்கம் நின்று கைதானார்கள். அதே ஆண்டின் இறுதியில் வட மலேசியாவின் பாலிங் விவசாயிகளுக்காக மாணவர் ஆர்ப்பாட்டங்கள் வெடித்தன. 1975இல் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் திருத்தப்பட்டு மாணவர்களின் பொதுவாழ்வுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. மறுபுறம் 1965இல் நிறுத்திவைக்கப்பட்ட ஊராட்சித் தேர்தல்கள் திரும்பவே இல்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன உறுப்பினர் முறையை உறுதிசெய்தது. இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். குடிமகனாக மன்றத்தின் கதவைத் தட்டும் வழி மாணவருக்குக் குறுகிப்போனதால், பாடத்திட்டத்தின் வழியாக நுழைவதே எஞ்சியது. மலேசிய மாணவர்களின் சுற்றுச்சூழல் பணி போராட்டமாக இல்லாமல் செயல்திட்டமாகவும் அறிக்கையாகவும் பட்டறையாகவும் அமைந்ததற்கு இதுவே முதற்காரணம். கட்டுப்பாடுகள் 2012லும் 2018லும் தளர்த்தப்பட்டபோதிலும் பழகிய தடம் மாறவில்லை.

யூடிஎம் அந்தத் தடத்துக்குப் பொருத்தமான நிறுவனம். 1904இல் கோலாலம்பூரில் தொழில்நுட்பப் பள்ளியாகத் தொடங்கி, 1975இல் இன்றைய பெயரைப் பெற்று, 1980களில் ஸ்கூடாய்க்கு வந்தது. பொறியியல், நில அளவை, நகர்த் திட்டமிடல் ஆகிய துறைகள் எல்லாமே களத்தை வைத்துக் கற்பிப்பவை. நகர்த் திட்டமிடல் மாணவர்கள் ‘ஸ்டூடியோ’ பாடத்துக்காக உண்மையான ஓர் ஊரை எடுத்து, நிலப் பயன்பாட்டையும் வடிகாலையும் ஆய்ந்து திட்டம் வரைகிறார்கள். பொறியியல் மாணவர்கள் தொழிற்பயிற்சிக்காக ஊராட்சி மன்றத்திலோ வடிகால் நீர்ப்பாசனத் துறையிலோ சுற்றுச்சூழல் துறையிலோ உட்கார்ந்து வேலை கற்கிறார்கள். இறுதியாண்டு ஆய்வேட்டுக்கும் பக்கத்து ஆறே எளிதில் கிடைக்கும் களம்.

2006–2007 வெள்ளம்

கோத்தா திங்கியை ஆய்வேடுகளின் ஊராக்கியது இந்த வெள்ளம். 2006 டிசம்பர் நடுப்பகுதியில் தெற்கு ஜொகூரில் நாள்கணக்கில் பெருமழை கொட்டியது. ஜொகூர் ஆறு 120 கிலோமீட்டருக்கு மேல் நீளமுடையது, 2,600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தின் மழையைச் சுமந்து வருவது. கோத்தா திங்கி நகரம் அதன் தாழ்ந்த கரையில், கடல் ஏற்றத்தின் தாக்கம் எட்டும் இடத்தில் இருக்கிறது. மேலிருந்து வெள்ளம் வரும் நேரத்தில் கீழே கடல் பொங்கினால் நீருக்குப் போக்கிடம் இல்லை. முதல் வெள்ளம் வடிந்து, துயர் துடைப்பு மையங்களிலிருந்து வீடு திரும்பிச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தவர்களை 2007 ஜனவரி நடுவில் இரண்டாவது வெள்ளம் மறுபடி துரத்தியது. நகரில் ஆற்றின் மட்டம் 1950க்குப் பின் காணாத உயரத்தைத் தொட்டது. ஜொகூர் முழுவதிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். சேதம் 150 கோடி ரிங்கிட் என மதிப்பிடப்பட்டது.

வெள்ளத்துக்குப் பின் ஊராட்சிக்கு வேண்டியிருந்தவை எளிய கேள்விகளுக்கான விடைகள். எந்தத் தெருவில் நீர் எவ்வளவு உயரம் நிற்கும்? எந்தப் பள்ளியை மையமாக்கினால் அது தானே மூழ்காது? புதிய குடியிருப்புத் தாமானுக்கு அனுமதி தரும்போது தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்தச் சொல்ல வேண்டும்? சிறிய மன்றம் ஒன்றில் இவற்றைக் கணக்கிட ஆள் போதாது. இந்த இடத்தில்தான் மாணவர் உழைப்புக்கு மதிப்பு வருகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2009இல் இந்த வெள்ளத்தையே பொருளாக்கிய ஆய்வறிக்கை ஒன்று வெளிவந்தது. யூடிஎம் ஆய்வாளர்கள் 2014இல் கோத்தா திங்கியின் வெள்ள இழப்பை மதிப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டார்கள். நீர்ப்பரவலை வரைபடமாக்கிய ஆய்வுகளும் வந்தன.

இழப்பு மதிப்பீடு எப்படி உருவாகிறது என்பதை நெருங்கிப் பார்ப்பது நல்லது. வெள்ளம் வடிந்த வீட்டின் சுவரில் பழுப்புக் கோடு ஒன்று நிற்கும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளவுநாடாவைப் பிடித்துச் சென்டிமீட்டரில் குறிக்க வேண்டும். பிறகு வீட்டாரிடம் கேட்க வேண்டும்: தண்ணீர் எத்தனை மணிநேரம் நின்றது, குளிர்பெட்டி போனதா, மெத்தை போனதா, மோட்டார் சைக்கிளை மேட்டுக்குத் தள்ள நேரம் கிடைத்ததா, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் மிஞ்சியதா. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆழம் ஒரு பக்கம், இழப்பு மறுபக்கம். இப்படிப் பல வீடுகளைச் சேர்த்தால் ஒரு வளைகோடு கிடைக்கும்: அரை மீட்டர் நீருக்கு இவ்வளவு சேதம், ஒன்றரை மீட்டருக்கு இவ்வளவு என்று. அந்த வளைகோட்டைத் தரையின் உயர வரைபடத்தோடு பொருத்தினால், வராத வெள்ளத்துக்கும் தெருவாரியாக இழப்பைச் சொல்லலாம். கரையணைக்கு எவ்வளவு செலவிடுவது நியாயம் என்று மன்றமும் மாநில அரசும் வாதாடுவதற்கு இந்த எண்தான் பிடிமானம். இதற்குக் கணினி அறிவைக் காட்டிலும் வீடுவீடாக ஏறி இறங்கும் பொறுமைதான் அதிகம் தேவை. அது மாணவர்களிடம் உண்டு.

ஆற்று நீரும் அம்மோனியாவும்

ஜொகூர் ஆறு இரண்டு நாடுகளுக்குத் தண்ணீர் தருகிறது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை இதிலிருந்து எடுக்கலாம். அந்த உரிமை 2061 வரை நீடிக்கும். வறட்சிக் காலத்தில் ஆற்றில் ஓட்டம் குறையாமலிருக்க 1990களில் மேல்பகுதியில் லிங்கியு நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. 2016 அக்டோபரில் அதன் இருப்பு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது.

தண்ணீர் இருந்தாலும் அது அருந்தத் தகுந்ததாக இருக்க வேண்டும். படுகையில் செம்பனைத் தோட்டங்களும் ஆலைகளும் நிறைந்திருக்கின்றன. ஆலைக் கழிவுநீரோ கோழி எருவோ உரமோ ஆற்றில் கலந்தால் அம்மோனியா கூடும். அம்மோனியா குளோரினைத் தின்றுவிடுவதால் கிருமிநீக்கம் தடுமாறும், சுத்திகரிப்பு நிலையத்தை மூடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. 2019 ஏப்ரலில் அம்மோனியா மிகுந்ததால் கோத்தா திங்கியிலுள்ள சிங்கப்பூரின் ஜொகூர் ஆற்று நீர்நிலையம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டிருந்தன.

மலேசியச் சுற்றுச்சூழல் துறை ஆற்றின் தரத்தை ஆறு அளவைகளால் கணிக்கிறது: கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, வேதி ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், நீரில் தொங்கும் திண்மங்கள், அமிலகாரத் தன்மை. மாணவர்களுக்கு இது கைக்கெட்டிய வேலை. கிளையாற்றின் பாலத்தில் நின்று கயிற்றில் குப்பியை இறக்கி நீரெடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்றே ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அரசு நிலையங்கள் குறிப்பிட்ட இடங்களில்தான் அளக்கின்றன. சாயோங் போன்ற கிளையாறுகளில் எந்த ஓடைக்கு மேலே நீர் நன்றாயிருந்து எதற்குக் கீழே கெடுகிறது என்று இடத்தைக் குறுக்கிக் காட்ட நெருக்கமான மாதிரிகள் வேண்டும். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நாளில் களமிறங்கினால் அது முடியும்.

ஆனால் அந்த விடையை யாரிடம் கொடுப்பது? கோத்தா திங்கியில் மாணவர் பணி தடுக்கி விழும் இடம் இதுதான். ஆறும் நிலமும் மாநில அரசின் அதிகாரம். வெள்ளத் தடுப்பு வடிகால் நீர்ப்பாசனத் துறையிடம். ஆலைக் கழிவு 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி கூட்டரசின் சுற்றுச்சூழல் துறையிடம். குப்பை அள்ளும் பொறுப்பும் 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபின் ஜொகூர் மன்றங்களின் கையைவிட்டுக் கூட்டரசு அமைப்புக்கும் அதன் குத்தகை நிறுவனத்துக்கும் போனது. மன்றத்தின் கையில் மிச்சமிருப்பவை உள்ளூர்த் திட்டம், கட்டட அனுமதி, ஊர்ச் சாக்கடை, சந்தை, உணவகங்களின் உரிமம் போன்றவை. உணவகக் கொழுப்பு சாக்கடையை அடைப்பதைப் பற்றி மாணவர் எழுதினால் மன்றம் மறுநாளே செயல்படலாம். செம்பனை ஆலையைப் பற்றி எழுதினால் மன்றத்தால் கடிதம் மட்டுமே அனுப்ப முடியும். களத்துக்குப் போகும் முன்பே இந்த அதிகார எல்லைகளைக் கற்பிப்பது ஆய்வக முறையைக் கற்பிப்பதற்கு இணையான முக்கியத்துவம் உடையது.

கரிமக் குறைப்புத் திட்டமும் அதன் முறையும்

பல்கலைக்கழகமும் ஊராட்சிகளும் சேர்ந்து நடந்ததற்கு ஜொகூரின் மிகப் பெரிய சான்று, ஜொகூர் பாருவைச் சுற்றியுள்ள இஸ்கந்தர் மலேசியா என்னும் மேம்பாட்டு வட்டாரத்தின் குறைகரிமச் சமூகத் திட்டம். யூடிஎம், ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகம், ஒக்கயாமா பல்கலைக்கழகம், தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வுக் கழகம் ஆகியவை 2011 முதல் 2016 வரை இஸ்கந்தர் வட்டார மேம்பாட்டு ஆணையத்தோடு சேர்ந்து இதை உருவாக்கின. 2012 நவம்பரில் டோஹா காலநிலை மாநாட்டில் வெளியிடப்பட்ட திட்டவரைவு, கரிம வெளியீட்டுச் செறிவை 2005ஆம் ஆண்டோடு ஒப்பிட 2025க்குள் 58 விழுக்காடு குறைக்க இலக்கு வைத்தது. கியோத்தோவின் பள்ளித் திட்டத்தைத் தழுவி 2013இல் தொடக்கப்பள்ளிகளில் சுற்றுச்சூழல் வாழ்வுச் சவாலும் தொடங்கியது. கோத்தா திங்கி தொடக்கத்தில் இந்த வட்டாரத்தின் எல்லைக்கு வெளியே இருந்தது. 2019இல் இஸ்கந்தர் எல்லை விரிந்தபோதுதான் மாவட்டத்தின் பகுதிகள் உள்ளே வந்தன.

இதில் கற்க வேண்டியது இலக்கின் எண்ணை அல்ல, முறையை. ஆய்வாளர்கள் தயாரித்ததை முடிந்த நூலாகக் கொடுக்காமல், மன்ற அதிகாரிகளைக் கூட்டங்களில் உட்காரவைத்து வரைவைத் திருத்திக்கொண்டே போனார்கள். அதனால் அது அதிகாரிகளின் ஆவணமாகவும் ஆனது. ஓரிகன் பல்கலைக்கழகம் 2009 முதல் நடத்திய நகர ஆண்டுத் திட்டமும் இதே தெளிவோடு அமைந்தது. ஒரு கல்வியாண்டுக்கு ஒரே நகரம், அந்நகர நிர்வாகம் சொல்லும் சிக்கல்கள், அவற்றுக்குப் பல துறைகளின் நடப்புப் பாடங்கள். சிக்கலைத் தேர்ந்தெடுப்பது நகரம்தான், பேராசிரியர் இல்லை. அந்த மாதிரி பின்னர் பல நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது.

2019க்குப் பின்

மலேசியக் கல்வியமைச்சு 2019இல் ‘சூலாம்’ என்ற சேவைவழிக் கற்றல் முறையை அறிமுகப்படுத்தியது. தொண்டுக்கு மதிப்பெண் உண்டு, ஆனால் அது பாடத்தின் நோக்கத்தோடு பொருந்த வேண்டும், சமூகத்தின் தேவையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆற்றங்கரையில் ஒரு நாள் குப்பை பொறுக்கிப் படமெடுத்துத் திரும்புவது இந்த வரையறைக்குள் நில்லாது.

எனினும் காலக் கணக்கு பொருந்தவில்லை. மலேசியப் பல்கலைக்கழகப் பருவம் 14 வாரம். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீள்கிறது. ஆறு பொங்கும் வாரங்களில் மாணவர்கள் பெரும்பாலும் தேர்வுக் கூடத்திலோ விடுமுறையிலோ இருப்பார்கள். 2023 மார்ச்சில் ஜொகூரில் 40,000க்கும் மேற்பட்டோரை இடம்பெயர்த்த வெள்ளத்தில் கோத்தா திங்கியும் பாதிக்கப்பட்டது. சுவரின் பழுப்புக் கோட்டை அடுத்த பருவம் தொடங்கும்வரை வீட்டார் கழுவாமல் வைத்திருக்கப் போவதில்லை. ஆகவே வினாப் படிவமும் வீட்டுப் பட்டியலும் ஒரு வகுப்பிடமிருந்து அடுத்த வகுப்புக்குக் கைமாறி, வெள்ளம் வடிந்த வாரத்திலேயே இறங்க ஆயத்தமாக இருக்க வேண்டும். அவற்றைப் பாதுகாக்கும் இடம் மன்றத்தின் திட்டமிடல் பிரிவாகவே இருக்க முடியும். மாணவர்கள் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள்.

மாவட்டத்தின் அடுத்த களம் பெங்கெராங். 2017இல் தனி ஊராட்சியாகி 2020இல் நகராண்மைக் கழகமான அவ்வட்டாரத்தில், பழைய கம்போங் கிராமங்கள் இடம்மாறி, பெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு வளாகம் எழுந்திருக்கிறது. வளாகத்துக்கு வெளியே சதுப்புநிலக் காடுகளும், மீனவர் வலைவீசும் கழிமுகங்களும் இன்னும் இருக்கின்றன. அவற்றின் நீரையும் சேற்றையும் மரங்களையும் ஆண்டுதோறும் ஒரே இடங்களில், ஒரே முறையில் அளந்து பதிவதே அங்கு உடனடித் தேவை. பல வகுப்புகள் தொடர்ந்து செய்ய வேண்டிய வேலை அது.