வீட்டுக்கு வந்த கணக்கு வேலை

1767-ஆம் ஆண்டுக்கான கடற்பயணப் பஞ்சாங்கத்தை கிரீன்விச் வானாய்வகத்தின் தலைவர் நெவில் மஸ்கலின் வெளியிட்டார். அதிலிருந்த எண்களைப் போட்டுக் கொடுத்தவர்கள் கிரீன்விச்சில் வேலை பார்க்கவில்லை. இங்கிலாந்தின் சிற்றூர்களில், அவரவர் வீட்டில் இருந்தார்கள். பள்ளி ஆசிரியர், நில அளவையாளர், பாதிரியார் என்று வேறு பிழைப்பு உள்ளவர்களே அவர்களில் பலர். நிலா எந்த நாளில், எந்த நேரத்தில், குறிப்பிட்ட விண்மீனிலிருந்து எவ்வளவு தள்ளித் தெரியும் என்பதுதான் கணக்கு. நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க மாலுமிக்கு அந்த எண்கள் வேண்டும். கணக்கிடும் முறையை வரிவரியாக எழுதி மஸ்கலின் தபாலில் அனுப்புவார்; முடிந்த கணக்கு தபாலிலேயே திரும்பும். மாதச் சம்பளம் கிடையாது. முடித்துக் கொடுத்த அளவுக்குக் கூலி.

இன்று இணையத்தில் பகுதி நேர வருமானம் என்று பேசப்படுவதன் அடிப்படைகள் எல்லாம் இந்த ஏற்பாட்டிலேயே இருந்தன. ஒரே கணக்கை இருவர் தனித்தனியே போடுவதும், மூன்றாமவர் ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவற்றில் முக்கியமானவை. முகம் தெரியாத தொலைவில் இருப்பவரின் வேலையை நம்புவதற்கு இதைவிட மலிவான வழி இன்றுவரை கிடைக்கவில்லை. அதை ஏமாற்றவும் ஆள் இருந்தார்கள்: 1770-இல் இரண்டு கணக்கர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது பிடிபட்டது. இருவருக்கும் வேலை போயிற்று.

லட்லோ என்ற ஊரில் ஜான் எட்வர்ட்ஸ் என்ற பாதிரியாரின் பெயருக்குப் பல ஆண்டுகள் இந்த வேலை போய்க்கொண்டிருந்தது. 1784-இல் அவர் இறந்தபோதுதான், கணக்குகளில் பெரும்பகுதியைப் போட்டவர் அவருடைய மனைவி மேரி என்பது வெளியே வந்தது. குடும்பத்தைக் காப்பாற்ற வேலையைத் தொடர விரும்புவதாக மேரி சொன்னார், மஸ்கலின் சம்மதித்தார். 1815-இல் இறக்கும்வரை மேரிக்கு அதுவே பிழைப்பு. பிறகு மகள் எலைசா அதைத் தொடர்ந்தார். 1830-களின் தொடக்கத்தில் பஞ்சாங்க வேலை முழுவதும் லண்டனில் ஓர் அலுவலகத்துக்குள் கொண்டுவரப்பட்டது. வீட்டுக் கணக்கர்களின் காலம் அத்தோடு முடிந்தது. அலுவலகத்தில் பெண்களுக்கு இடமில்லாததால் எலைசாவின் வேலையும் போனது.

அதே முறை திரும்பி வந்தபோது தபாலின் இடத்தில் இணையம் இருந்தது. அமேசான் நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலில் ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று பக்கங்கள் இருந்தன. அவற்றைக் கண்டுபிடித்து நீக்கக் கணினியால் முடியவில்லை, மனிதக் கண்ணுக்கு அது நொடி வேலை. இப்படிப்பட்ட சில்லறை வேலைகளை இணையம் வழியே பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முறைக்கு 2001-இல் காப்புரிமை கோரப்பட்டது. விண்ணப்பித்தவர்களில் வெங்கி ஹரிநாராயண், ஆனந்த் ராஜாராமன் இருவரும் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள், தாங்கள் சேர்ந்து தொடங்கிய ‘ஜங்லீ’ நிறுவனத்தை 1998-இல் அமேசானுக்கு விற்றவர்கள். 2005 நவம்பரில் அந்த முறை ‘மெக்கானிக்கல் டர்க்’ என்ற பெயரில் பொதுவுக்குத் திறந்துவிடப்பட்டது. 1770-இல் வியன்னா அரசவையில் காட்டப்பட்ட சதுரங்க இயந்திரத்தின் பெயர் அது. தலைப்பாகை கட்டிய பொம்மை தானாகக் காய் நகர்த்துவதாக உலகம் வியந்தது. பெட்டிக்குள் ஓர் ஆள் ஒளிந்திருந்தார். பெயரைச் சூட்டியவர்கள் ஒளிவுமறைவே இல்லாமல்தான் சூட்டியிருக்கிறார்கள்.

வேலைகள் மிகச் சிறியவை. தெருவில் எடுத்த சில படங்களைக் காட்டி, குறிப்பிட்ட கடை எதில் தெளிவாகத் தெரிகிறது என்று கேட்பார்கள். கசங்கிய மளிகை ரசீதின் படத்தைப் பார்த்து, பொருளையும் விலையையும் வரிசையாகத் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். ஒன்றுக்குச் சில சென்ட். முடித்த வேலை பிடிக்கவில்லை என்று வேலை கொடுத்தவர் தள்ளிவிடலாம். கூலி கிடைக்காது, ஆனால் செய்த வேலை அவரிடமே இருக்கும். இந்த விதிதான் அந்தத் தளத்தின் மிகப் பெரிய குறை. அதற்கு எதிராக லில்லி இரானி, சிக்ஸ் சில்பர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-களின் இறுதியில் ‘டர்காப்டிகான்’ என்ற கருவியை உருவாக்கினார்கள். அதில் வேலை செய்பவர்கள் வேலை கொடுப்பவர்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். மஸ்கலினுக்கும் மேரி எட்வர்ட்ஸுக்கும் இடையே கடிதம் செய்ததை, பெயர் தெரியாத இரு தரப்புக்கு நடுவே அந்தக் கருவி ஓரளவு செய்தது.

பெரும்பாலான நாட்டவருக்குக் கூலி, அமேசானில் மட்டும் செல்லும் பரிசுச் சீட்டாகத்தான் கிடைத்தது. இந்தியர்களால் ரூபாயாகவே வாங்க முடிந்தது. 2010 வாக்கில் நடந்த ஒரு கணக்கெடுப்பில் பதிலளித்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர்கள். அமெரிக்கர்களுக்கு அடுத்த இடம். பலருக்குப் பகுதி நேர வருமானம் என்ற பெயரோடு தொடங்கியது நாளடைவில் வீட்டின் முக்கிய வருமானமாகியிருந்தது. அமெரிக்காவில் வேலை நேரம் நடக்கும்போது இங்கே இரவு. நல்ல கூலியுள்ள வேலை முந்தியவர் கைக்குப் போய்விடும் என்பதால் விடிய விடிய விழித்திருந்தார்கள். 2012 வாக்கில் அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து புதிய கணக்கு தொடங்குவது ஏறக்குறைய நின்றது. ஏற்கெனவே கணக்கு வைத்திருந்தவர்கள் அதைச் சொத்துபோலப் பாதுகாத்தார்கள். உள்ளே போக முடியாதவர்களைத் தேடி வந்தவை, முன்பணம் கட்டினால் டேட்டா என்ட்ரி வேலை தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள். வேலை செய்பவரிடம் பணம் கேட்பது மஸ்கலின் காலத்து முறையிலும் இல்லை, மெக்கானிக்கல் டர்க்கிலும் இல்லை.

இந்தச் சில்லறை வேலையின் மொத்த விளைச்சல் பெரியது. கணினி ஆய்வாளர் ஃபெய்ஃபெய் லி 2009-இல் அறிமுகப்படுத்திய ‘இமேஜ்நெட்’ படத்தொகுப்பை மெக்கானிக்கல் டர்க் வழியே சரிபார்த்தவர்கள் 167 நாடுகளைச் சேர்ந்த சுமார் 49,000 பேர். கணினிக்குப் படங்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்ததில் அந்தத் தொகுப்புக்குப் பெரும் பங்கு உண்டு. கூலியோ வேறு கதை. அதே தளத்தில் 2,676 பேர் செய்த 38 லட்சம் வேலைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான கட்டுரையின்படி, ஒரு மணி நேரத்துக்கு இடைநிலை வருமானம் சுமார் 2 டாலர். அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலருக்கு மேல் ஈட்டியவர்கள் நூற்றுக்கு 4 பேர்.

2023-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் மருத்துவக் கட்டுரைச் சுருக்கங்களை இன்னும் சுருக்கித் தரும் வேலையை மெக்கானிக்கல் டர்க்கில் கொடுத்துப் பார்த்தார்கள். வந்த விடைகளில் 33 முதல் 46 சதவீதம்வரை செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டு எழுதப்பட்டவை என்று மதிப்பிட்டார்கள்.