"டான்" என்று மட்டுமே பேசிய மனிதர்

1/ நல்லா பேசிட்டிருந்தவருக்கு திடீர்னு வாய் குழறினா, முதல் வேலையா தலைக்கு சிடி ஸ்கேன் எடுக்கிறோம். சில நிமிஷத்துல மூளையோட படம் வந்துடும். 1861-ல் இதுக்கு ஒரே வழிதான் இருந்தது. நோயாளி சாகும்வரை காத்திருக்கணும்.

2/ பாரிஸ் பக்கத்துல பிசெத்ர் மருத்துவமனை. அங்கே 21 வருஷம் நோயாளியா இருந்தவர் லெபோர்ன். சின்ன வயசுலேயே வலிப்பு. 30 வயசு வாக்கில் பேச்சு போச்சு. எதைக் கேட்டாலும் பதில் "டான், டான்". ஆஸ்பத்திரியில அவர் பேரே "டான்" ஆயிடுச்சு.

3/ ஆனா மத்தவங்க பேசுறது அவருக்குப் புரிஞ்சுது. எத்தனை வருஷமா இங்கே இருக்கீங்கன்னு கேட்டா, இடது கை விரல்களைக் காட்டி சரியா பதில் சொன்னார். வலது கை ஏற்கனவே செயலிழந்திருந்தது.

4/ 1861 ஏப்ரலில் கால் அழுகி, சர்ஜன் பால் புரோக்காவிடம் வந்தார். சில நாளிலேயே, 17-ம் தேதி, இறந்துட்டார். மூளையை எடுத்துப் பார்த்தா, இடது பக்க முன்மடலில் சிதைவு. அதே மாதிரி இன்னும் பல நோயாளிகளைப் பார்த்த பிறகு, 1865-ல் புரோக்கா சொன்னார்: பேச்சு மூளையின் இடது பக்கத்து வேலை.

5/ எந்த இடம் கெட்டா எந்த வேலை நிக்குதுன்னு பார்க்கிறதுதான் அந்தக் காலத்து முறை. குறை என்னன்னா, கிடைக்கிறது கடைசிக் காட்சி மட்டும். அதுவும் மேலோட்டமா. புரோக்கா அந்த மூளையை வெட்டாம பாதுகாத்து வச்சார். 2007-ல் அதுக்கு எம்ஆர்ஐ எடுத்த ஆய்வு வந்தப்போ, சிதைவு உள்ளே எவ்வளவு ஆழமா போயிருக்குன்னு தெளிவா தெரிஞ்சுது.

6/ 1971 அக்டோபர் 1, லண்டன். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற இன்ஜினியர் உருவாக்கின சிடி ஸ்கேனர்ல முதல் நோயாளியைப் படம் எடுத்தாங்க. மூளையில் கட்டி இருக்குன்னு சந்தேகப்பட்ட ஒரு பெண். மண்டையைத் திறக்காம, உயிரோட இருக்கும்போதே கட்டி தெரிஞ்சுது. 1979-ல் அவருக்கு நோபல் பரிசு.

7/ இப்போ நம்ம கதை. பக்கவாதத்துல இரத்தக்குழாய் அடைச்சிருக்கா, வெடிச்சிருக்கான்னு ஸ்கேன் பார்க்காம உறுதியா சொல்ல முடியாது. அடைப்பைக் கரைக்கிற ஊசி, வெடிச்சவருக்குப் போட்டா ஆபத்து. அடைப்புன்னு உறுதியானாலும் நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும்.

8/ வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம். "தூங்கி எழுந்தா சரியாயிடும்"னு விடாதீங்க. உடனே 108.

லெபோர்ன் மூளையைப் பார்க்க டாக்டர்கள் 21 வருஷம் காத்திருந்தாங்க. இன்னைக்கு மெஷின் ரெடியா இருக்கு. நீங்கதான் நேரத்துக்கு வரணும்.