கபசுரக் குடிநீரில் ஓர் அரபுப் பெயர்

ஐப்பசி அடைமழை தொடங்கியதும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நாட்டு மருந்துக் கடைகளில் கூட்டம் கூடிவிடுகிறது. தும்மலும் தொண்டைக் கரகரப்பும் தொடங்கிய வீடுகளுக்குக் கபசுரக் குடிநீர்ப் பொடி போகிறது. "நம் மண்ணின் மருந்து" என்று பெருமையோடு சொல்லிக் காய்ச்சுகிறோம். பெருமை நியாயமானதுதான். ஆனால் அந்தப் பொடியில் சேரும் 15 சரக்குகளின் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்தால், நடுவே ஒரு பெயர் நம்மை நிறுத்தும்: அக்கிரகாரம்.

வேதியர் தெருவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மொராக்கோ, அல்ஜீரியா பக்கத்து மலைச்சரிவுகளில் வளரும் ஒரு செடியின் வேர் இது. வாயிலிட்டு மென்றால் நாக்கு மரத்து எச்சில் ஊறும். அரபு மருத்துவர்கள் இதை 'ஆகிர் கர்ஹா' என்றார்கள். அந்தச் சொல்லே நம் நாவில் அக்கிரகாரமாகத் திரிந்தது என்பது அறிஞர் கருத்து. வடமொழி மருத்துவத்திலும் சாரங்கதர சம்ஹிதை போன்ற பிற்கால நூல்களிலேயே இந்த வேர் இடம்பெறுகிறது. அரபுக் கப்பல்கள் தமிழகத்துத் துறைகளுக்கும் மலையாளக் கரைக்கும் வந்துபோன நூற்றாண்டுகளின் தடயம், நம் அடுப்பில் கொதிக்கும் கசாயத்தில் இருக்கிறது.

கப்பல்கள் ஒருவழியாக மட்டும் சரக்கு ஏற்றவில்லை. அதே குடிநீரில் முதலிடம் பெறும் சுக்கின் கதை எதிர்த்திசையில் ஓடியது. சொர்க்கவாசிகளின் பானத்தைப் பற்றிக் கூறும் திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் 'ஸன்ஜபீல்' என்று இஞ்சியைக் குறிப்பிடுகிறது. அரபுச் சொல்லின் வேரைத் தேடிப் போன மொழியறிஞர்கள் பாரசீகம், பாலி, பிராகிருதம் எனப் படிப்படியாக இறங்கி, இறுதியில் தென்னிந்தியாவின் 'இஞ்சி வேர்' என்ற சொல்லில் வந்து நின்றார்கள். நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி தட்டும் நம் தாய்மார்கள் இதை அறிந்தால் மகிழ்வார்கள்.

மருந்துச் சரக்குகளோடு மருத்துவச் சிந்தனையும் பயணம் செய்தது. சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என மூன்று பேசுகிறது. கிரேக்கரிடமிருந்து அரபுலகம் பெற்று, இப்னு ஸீனா போன்றோர் விரித்தெழுதிய யூனானியோ இரத்தம், பல்கம், ஸஃப்ரா, ஸவ்தா என நான்கு பேசுகிறது. கபமும் பல்கமும் முற்றிலும் ஒன்றல்ல. எனினும் மழைக்காலச் சளிக்குச் சூடும் காரமும் கொடுப்பதில் வைத்தியரும் ஹகீமும் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் அண்ணாந்து பார்க்கும் சதுரகிரி, மூலிகைகளுக்கும் சித்தர் கதைகளுக்கும் பெயர்போன மலை. இராமதேவர் என்ற சித்தர் மக்கா சென்று யாக்கோபு என்ற பெயர் கொண்டார் என்பது சித்தர் மரபில் வழங்கும் கதை. வரலாற்றுச் சான்றாக அதைக் கொள்ள இயலாது. ஆனால் யாக்கோபு பெயரில் தமிழ் மருத்துவ நூல்கள் வழங்கிவருகின்றன என்பது மெய்.

இனி 1918. அவ்வாண்டு பம்பாய்த் துறைமுகம் வழியே நுழைந்த இன்ஃபுளுவென்சா, ரயில் பாதைகளைப் பற்றிக்கொண்டு நாடெங்கும் பரவியது. இந்தியாவில் ஒரு கோடியே இருபது லட்சம் முதல் இரண்டு கோடிப் பேர் வரை இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 1911ஐ விட 1921இன் மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவின் தொகை குறைந்துபோனது. அப்படி நேர்ந்தது அந்த ஒரே முறை. பம்பாய், மத்திய மாகாணங்களைவிடச் சென்னை மாகாணத்தில் சேதம் குறைவு. குறைவே தவிர, சிறிதன்று. அதே ஆண்டு பருவமழை பொய்த்தது. தானிய விலை ஏறியது. சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. பசித்த உடலைத்தான் காய்ச்சல் எளிதில் சாய்த்தது. அந்நோய்க்குக் காரணமான வைரஸையே 1933 வரை எவரும் மனிதரிடமிருந்து பிரித்தெடுக்கவில்லை. பென்சிலின் இல்லை, தடுப்பூசி இல்லை. பிழைத்தவர்களுக்குக் கிடைத்தவை கஞ்சியும் வெந்நீரும் ஓய்வும் அருகிருந்து பார்த்துக்கொள்ள ஒருவரும்தான். வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒருசேரப் படுத்தபோது அந்த ஒருவரும் இல்லாது போனார்.

அந்த 1918இல்தான் சென்னை அரசு நாட்டு மருந்துகளை ஆராயும் பணியை டாக்டர் கோமனிடம் ஒப்படைத்தது. அவர் சில மருந்துகளைப் பாராட்டினார். வைத்திய முறைகளைப் பொதுவாகக் குறைத்தே மதிப்பிட்டார். வைத்தியர்கள் கொதித்தெழுந்தார்கள். 1921இல் அரசு மற்றொரு குழுவை அமைத்தது. அதன் தலைவர், பின்னாளில் 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் இருந்த முகமது உஸ்மான். தியாகராய நகரின் உஸ்மான் சாலையில் துணி வாங்கப் போகும் நம்மவரில் எத்தனை பேர் அப்பெயரை இதனோடு சேர்த்து நினைக்கிறோம்? சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றின் மருத்துவர்களிடமும் கேள்விகள் அனுப்பி, தமிழ், உருது உட்படப் பல மொழிகளில் விடைகள் பெற்று, 1923இல் அக்குழு அறிக்கை தந்தது. இம்முறைகளுக்கு அறிவுசார்ந்த அடிப்படை உண்டு, அரசு இவற்றை ஆதரித்துக் கற்பிக்க வேண்டும் என்றது. அதன் பயனாக 1920களின் நடுவில் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி பிறந்தது. மூன்று முறைகளும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்பட்டன. ஒரு முஸ்லிம் தலைவர் சித்தத்துக்கும் ஆயுர்வேதத்துக்கும் சேர்த்து வாதாடினார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

இதன் தொடர்ச்சியே பின்னர் நாம் கண்டது. 2012இல் டெங்கு பரவியபோது அரசு மருத்துவமனைகளில் நிலவேம்புக் குடிநீர் வழங்கப்பட்டது. 2020இல் கபசுரக் குடிநீர் தெருத்தெருவாக வந்தது. இங்கே ஒரு மாற்றம் நிகழ்ந்ததைக் கவனிக்க வேண்டும். பழைய வைத்தியர் கபசுரக் குடிநீரைக் காய்ச்சல் கண்டவருக்கு, நாடி பார்த்து, சில நாள்களுக்குக் கொடுத்தார். பெயரிலேயே சுரம் இருக்கிறது. நலமாயிருப்பவரும் நாள்தோறும் குடிக்கும் 'எதிர்ப்புச் சக்தி' பானமாக அது மாறியது அண்மைக் காலத்தில்தான். குடித்தவருக்கு ஃபுளு வராது என்று நிறுவிய பெரும் ஆய்வு எதுவும் இல்லை. அதில் சேரும் சீந்தில் குறித்து 2021இல் மும்பை மருத்துவர்கள் ஓர் எச்சரிக்கை எழுதினார்கள்: சீந்திலைத் தொடர்ந்து உட்கொண்ட சிலருக்கு ஈரல் அழற்சி கண்டிருந்தது. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, சீந்திலைப் போன்ற வேறு கொடியாக இருக்கலாம் என்றது. எது சரியானாலும், ஈரல் நோயுள்ளவரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் குடிப்பது தகாது. குழந்தைக்குப் பெரியவர் அளவில் ஊற்றுவதும் தகாது.

ஹிஜ்ரி 18இல் சிரியாவை நோக்கிச் சென்ற கலீஃபா உமர் (ரலி), அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து ஸர்ஃக் என்னும் இடத்திலிருந்தே திரும்பினார்கள். நோயுள்ள ஊருக்குள் போகாதீர், அங்கிருந்தால் வெளியேறாதீர் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) எடுத்துரைத்தபோது, தம் முடிவு அதற்கு இசைந்திருந்ததற்காக அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். காய்ச்சலுள்ள பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதிருப்பதும், இருமுபவர் கூட்டத்தைத் தவிர்ப்பதும் அந்த வழியில் வருபவையே.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் நெய்யும் பேண்டேஜ் துணி நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்குப் போகிறது. நாட்டு மருந்துக் கடையும் நவீன மருத்துவமனையும் இவ்வூர்க்காரர்களுக்கு அந்நியமல்ல. சுக்கும் மிளகும் தட்டிப்போட்ட வெந்நீர் தொண்டைக்கு இதம் தரும். இரவில் மஞ்சள் சேர்த்த சூடான பால் உறக்கம் தரும். முதியோருக்கும், சர்க்கரை நோய், ஆஸ்துமா உள்ளோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஃபுளு தடுப்பூசி பற்றி மழை தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மூன்று நாள் கடந்தும் தணியாவிட்டாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, அடுப்பை அணைத்துவிட்டு மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.