பந்தயம் எழுதிய பதிவேடு

அலாஸ்காவில் டனானா ஆற்றங்கரையில் நெனானா என்ற சிற்றூர் இருக்கிறது. குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிடும். அப்போது அதன்மேல் வண்டிகள் ஓடும். 1917-ஆம் ஆண்டில் அங்கே இருப்புப்பாதை அமைத்த பொறியாளர்கள், பனிக்கட்டி எந்த நாளில், எந்த நேரத்தில் உடையும் என்று 800 டாலர் பந்தயம் கட்டினர். பந்தயம் இன்றும் ஆண்டுதோறும் தொடர்கிறது.

பனிக்கட்டியின்மேல் நட்ட மரச்சட்டத்தைக் கரையிலுள்ள கடிகாரத்துடன் கம்பியால் இணைக்கிறார்கள். பனிக்கட்டி நகர்ந்ததும் கடிகாரம் நின்றுவிடும். பணம் சம்பந்தப்பட்ட காரியமாதலால் நிமிடம் பிசகாமல் நேரம் குறிக்கப்பட்டது. 2001-இல் இப்பதிவுகளை ஆராய்ந்த அறிஞர்கள், 1917-ஐவிடச் சராசரியாக ஐந்தரை நாள் முன்னதாகவே ஆறு உடைவதாகக் கண்டனர்.

வடபுல மாணவர்களுக்குத் தட்பவெப்ப மாற்றத்தைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் உண்டா? ஆண்டுகளையும் தேதிகளையும் வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள். 2013-இல் மே 20 வரை பனிக்கட்டி உடையவில்லை. 2019-இலோ ஏப்ரல் 14-லேயே உடைந்தது. ஆகவே ஓராண்டை மட்டும் வைத்து முடிவு கட்டலாகாது; நூறாண்டுப் புள்ளிகளின் சாய்வே உண்மையைக் கூறும்.

2000-களின் தொடக்கத்தில், அலாஸ்கா பல்கலைக்கழகத் திட்டமொன்றில், பள்ளி மாணவர்களே ஏரிப் பனிக்கட்டியின் தடிப்பையும் அதன்மேல் படிந்த வெண்பனியின் ஆழத்தையும் அளந்தனர். வெண்பனி வெப்பத்தை எளிதில் கடத்தாது. அது கம்பளிபோல் மூடினால் நீரின் வெப்பம் வெளியேறாது, பனிக்கட்டியும் தடிக்காது. வெப்பக்கடத்தல் என்று நாம் தேர்வுக்குப் படிப்பது, உறைந்த நீரின்மேல் பயணம் செய்பவருக்கு உயிரைக் காக்கும் அறிவு.