வட்டுக்கோட்டையும் மலைநாடும்: தொடர்பாடற் கல்வி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொடர்பாடல் இன்று பல்கலைக்கழகங்களிலே தனியொரு சிறப்புப் பாடமாகப் பயிலப்படுகின்றது. பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றை ஆராயும் இத்துறையை மேலைநாட்டிலிருந்து அண்மையில் வந்த புதுமை எனக் கருதுவோர் பலர். பெயர் புதியதே; ஆயின் பொருள் பழையது. கிறித்தவ மிசனரிமார் ஆசியாவில் நிறுவிய உயர்கல்வி நிலையங்களில் இதன் வேர்களைக் காணலாம். அவற்றுள் ஈழத்துத் தமிழருக்கு மிக அண்மையது வட்டுக்கோட்டை செமினரி. அந்நிலையம் சாதித்தது யாது, அதன் சாதனை எங்கே நின்றுவிட்டது என்பதை, அதன் பயன் எட்டாத மலைநாட்டிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வங்காளத்துச் செராம்பூரிலே வில்லியம் கேரியும் அவர்தம் தோழர்களும் 1818ஆம் ஆண்டிற் கல்லூரியொன்றை நிறுவினர். அதே ஆண்டில் ‘சமாசார் தர்ப்பண்’ என்னும் வங்காள வாரப் பத்திரிகையும் அங்கிருந்து வெளிவந்தது. 1827இல் டென்மார்க்கு மன்னரின் பட்டயத்தால் அக்கல்லூரி பட்டம் வழங்கும் உரிமையைப் பெற்றது. கல்லூரியும் அச்சகமும் பத்திரிகையும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கிய இவ்வமைப்பு, பிற மிசன்களின் முயற்சிகளிலும் காணப்படுகின்றது.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசன் 1823ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கியது. அதன் முதல் அதிபர் டானியல் பூவர். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல் முதலியன அங்கே போதிக்கப்பட்டன. அச்சகம் அமைக்கும் முயற்சி எளிதில் நிறைவேறவில்லை. 1820இல் வந்த அச்சாளர் ஜேம்ஸ் கறெற் என்பாரை, தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் நாட்டில் தங்க அனுமதிக்கவில்லை. 1834இல் மைனர் என்னும் அச்சாளர் வந்து சேர்ந்த பின்னரே மானிப்பாயில் மிசன் அச்சகம் செழித்தது. அச்சுப்பொறியும் அச்சாளனும் எத்துணை அரசியல் முக்கியத்துவம் உடையோர் என்பதை அன்றைய ஆட்சியாளர் நன்கறிந்திருந்தனர் என்பது இதனாற் புலனாகும்.

1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணம் குறித்து எழுந்த விவாதம் நினைவிற் கொள்ளத்தக்கது. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்புக்கும் பூவரின் கணிப்புக்குமிடையே வேறுபாடு இருந்தது. கிரகணம் நிகழ்ந்தபொழுது பூவரின் கணிப்பே சரியெனக் கண்டனர். இங்கே நமது கவனத்திற்குரியது வெற்றி தோல்வியன்று. அறிவுசார்ந்த வேறுபாடொன்று மக்கள் முன்னிலையில் வைக்கப்பட்டு, அவர்கள் தம் கண்ணாற் சோதித்தறிய இடமளிக்கப்பட்டது. பொதுக்கருத்து என நாம் இன்று வழங்குவதன் தொடக்க நிலையை இதிற் காணலாம்.

அந்நிலை முழுவடிவம் பெற்றது 1841 சனவரி 7ஆந் திகதி வெளிவரத் தொடங்கிய ‘உதயதாரகை’யிலாகும். தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த இவ்விதழின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் செமினரியிற் கற்ற தமிழரே. பத்திரிகையியல் என்ற பாடம் அங்கு இருந்ததில்லை. எனினும் இருமொழிப் புலமை, தருக்க முறை, மொழிபெயர்ப்புத் திறன் ஆகியவற்றைச் செமினரிக் கல்வி அளித்திருந்தது. தொழிலுக்கான களத்தை அச்சகம் அளித்தது.

இக்கல்வி கற்பித்தோரின் நோக்கத்தைக் கடந்தும் சென்றது. செமினரி மாணவரான சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னையிலே ‘தினவர்த்தமானி’யின் ஆசிரியராக விளங்கினார், 1857இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார், பிற்காலத்திற் கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். வெசிலியன் மிசன் பாடசாலையிற் பயின்று, பீற்றர் பேர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், 1849ஆம் ஆண்டு அச்சியந்திரம் வாங்கிச் சைவத்தின் பாதுகாப்புக்கு அதனைப் பயன்படுத்தினார். மதம் பரப்ப வந்த கருவி, மதமாற்றத்தை எதிர்ப்போரின் கருவியும் ஆயிற்று. தொடர்பாடல் வல்லமையை ஒருவருக்கு அளித்தபின், அவர் எதைச் சொல்லவேண்டும் என்பதை அளித்தவர் தீர்மானித்தல் இயலாது.

1855ஆம் ஆண்டிலே செமினரி மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்து நிலைமையை ஆராய்ந்த மிசன் செயலாளர் றூபஸ் அண்டர்சன், கிராம மக்களுக்கு அவர்தம் தாய்மொழியிற் கற்பிப்பதையே வலியுறுத்தினார். ஆங்கிலம் கற்றோர் ஊழியத்தை விட்டு உத்தியோகத்தை நாடினர் என்பது அன்றைய குறைபாடாகும். இம்முடிவு உயர்கல்விக்கு ஊறு விளைவித்தது உண்மையே. ஆயினும் அதிற் பொதிந்திருந்த வினா புறக்கணிக்கத்தக்கதன்று: கற்றவன் யாருடைய மொழியில், யாரோடு பேசப் போகின்றான்?

இவ்வினாவைச் செமினரியின் எல்லைக்கு அப்பாலிருந்த மலைநாட்டிலேதான் கூர்மையாகக் கேட்கவேண்டியுள்ளது. செமினரி மூடப்படுவதற்கு முந்திய ஆண்டாகிய 1854இல், கோப்பித் தோட்டத் தொழிலாளருக்கெனத் தமிழ்க் கூலி மிசன் தொடங்கப்பட்டது. தோட்டந்தோறும் உபதேசியார் சென்றனர்; செய்தி மேலிருந்து கீழே இறங்கியது. கீழிருந்து மேலே செல்லும் குரலுக்கு வழியிருக்கவில்லை. 1874இல் நாவலப்பிட்டிக்குப் புகையிரதப் பாதை வந்தபொழுதும், அப்பாதையிலே கோப்பி கொழும்புக்குச் சென்றது. அக்கோப்பியை விளைவித்தோரின் சொல் உடன் செல்லவில்லை. போக்குவரத்து வேறு, தொடர்பாடல் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அக்குரலுக்கு அச்சுவடிவம் கொடுத்தவருள் முதன்மையானவர் தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் (1887–1947). ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்திய அவர், 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். எழுத்தறிவு அரிதாயிருந்த லயங்களிற் பத்திரிகை மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டுகளை இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். 1940இல் அவை சிறு நூலாகவும் வெளிவந்தன. கேட்போரின் நிலையறிந்து ஊடகத்தைத் தெரிவுசெய்தல் தொடர்பாடலின் அடிப்படை விதியாகும். அவ்விதியை இவர்கள் பாடநூலிற் கற்கவில்லை, மக்களிடமிருந்தே கற்றனர்.

நாவலப்பிட்டிக்கு அயலிலுள்ள கொத்மலையில் 1989ஆம் ஆண்டு தொடங்கிய சமுதாய வானொலியையும் இவ்வரிசையில் வைத்து நோக்கலாம். 1999 அளவில், யுனெஸ்கோவின் ஆதரவுடன், கிராமத்தவர் கேட்ட வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி அவர்தம் மொழியில் ஒலிபரப்பும் முறை அங்கு கைக்கொள்ளப்பட்டது. கேட்போன் வினவுவோனாகவும் மாறியமையே அதன் சிறப்பு.

ஆகவே, தொடர்பாடலைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவனுக்கு இவ்வரலாறு இரு பாடங்களை உணர்த்துகின்றது. செமினரி மரபு தரும் மொழிப்புலமையும் தருக்கத் தெளிவும் இன்றியமையாதன. அவையின்றிக் கருவிகள் மட்டும் பயனளியா. எனினும் அப்புலமை சமூகத்தின் மேற்படியில் நின்றோருக்குள்ளேயே சுழலுமாயின், அதனாற் பெரும்பான்மையோர்க்கு விளையும் நன்மை சிறிது. லயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவன் இத்துறையை வெறும் உத்தியோகத்துக்கான வாயிலாகக் கொள்வானாயின், 1855இல் எழுந்த குறைபாடு மீண்டும் உண்மையாகும். தான் விட்டுவந்த மக்களின் சொல்லை உலகுக்கும், உலகின் அறிவை அம்மக்களுக்கும் கொண்டுசெல்வானாயின், வட்டுக்கோட்டையில் தொடங்கிய பணி மலைநாட்டிலே நிறைவெய்தும்.