காத்து வழியா ஒரு ஹார்ட் டிஸ்க் - கொஞ்சம் பழைய கதை

போன வாரம் வீட்டுல ஒரு சின்ன கலவரம். 2008-ல வாங்கின நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க் ஒண்ணு ரவுட்டர் பக்கத்துல தூங்கிக்கிட்டு இருக்கும். குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலைன்னு புதுக்கோட்டையைச் சுத்தி எடுத்த படமெல்லாம் அதுலதான். அப்பா சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நார்த்தாமலை அடிவாரத்துல நிற்கிற படம் வேற எங்கேயும் கிடையாது. புது லேப்டாப் வந்துச்சு, வை-ஃபையில சேர்த்தாச்சு, டிஸ்க்கை மட்டும் காணோம். பச்சை விளக்கு எரியுது, ரவுட்டர் அதுக்கு முகவரியும் குடுத்திருக்கு. ஆனா லேப்டாப் 'அப்படி யாரும் இங்கே இல்லை'ங்குது.

ஏன்னு தேடப் போனா கதை ஹவாய்த் தீவுக்குப் போச்சு.

அங்கே தீவுக்குத் தீவு நடுவுல கடல். டெலிபோன் லைனை நம்பவும் முடியாது, காசும் அதிகம். பல்கலைக்கழகத்தோட பெரிய கம்ப்யூட்டர் ஒண்ணை எல்லாரும் பகிர்ந்துக்கணும். நார்மன் ஆப்ரம்சன் குழு 1971-ல ரேடியோ அலையில அதைச் செஞ்சு காட்டினாங்க. பேரு அலோஹாநெட், வேகம் நொடிக்கு 9600 பிட். விதி ரொம்ப சிம்பிள்: தோணும்போது அனுப்பு, பதில் வரலையா, யாரோடவோ மோதிடுச்சுன்னு அர்த்தம், கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பு. நம்ம பஸ் ஸ்டாண்டுல நாலு கண்டக்டர் ஒண்ணாக் கத்துற மாதிரிதான். இந்த முறையில அலைவரிசையோட கொள்ளளவுல 18 சதவீதத்துக்கு மேல உருப்படியாப் பயன்படாது. ஆனாலும் வேலை செஞ்சது!

ராபர்ட் மெட்காஃப் இதைப் படிச்சுட்டு, 'கத்துறதுக்கு முன்னாடி யாராவது பேசுறாங்களான்னு கேளு'ங்கிறதையும் சேர்த்து 1973-ல கேபிளுக்குள்ள கொண்டுவந்தார். அது ஈதர்நெட். 1997-ல வந்த 802.11 அதே யோசனையைத் திரும்பக் காத்துக்கே கொண்டுபோச்சு. 1999-ல 11 மெகாபிட், 2003-ல 54 மெகாபிட். நம்ம நாட்டுல 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை வெட்டவெளியிலும் லைசென்ஸ் இல்லாமப் பயன்படுத்தலாம்னு அரசு அறிவிச்சது 2005 ஜனவரியிலதான்.

சரி, காத்து ரெடி. ஆனா டிஸ்க்கோட எந்த மொழியில பேசுறது? 1983 வாக்குல ஐ.பி.எம்.ல பேரி ஃபைகன்பாம் எழுதினது எஸ்.எம்.பி. அடுத்தவன் டிஸ்க்ல இருக்கிற ஃபைலை நம்ம டிஸ்க்ல இருக்கிற மாதிரியே திறக்க ஒரு பேச்சுமுறை. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தாங்க. 1991 கடைசியில ஆஸ்திரேலியாவுல கான்பெர்ராவில ஆராய்ச்சி மாணவரா இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், கேபிள்ல போற பாக்கெட்டை ஒட்டுக்கேட்டே அந்தப் பேச்சைக் கத்துக்கிட்டு யூனிக்ஸுக்கு எழுதினார். முதல்ல வச்ச பேரு வேற ஒரு கம்பெனிக்குச் சொந்தமாப் போக, எஸ், எம், பி மூணு எழுத்தும் வரிசையா வர்ற வார்த்தையைக் கம்ப்யூட்டர் அகராதியில தேடினார். கிடைச்சதுல ஒண்ணு சாம்பா. (இன்னொண்ணு சாலமன்பெர்ரி. நல்லவேளை.) வீட்டு நெட்வொர்க் டிஸ்க் பெட்டிகள்ல பெரும்பாலானதுக்குள்ள ஓடுறது லினக்ஸும் இந்த சாம்பாவும்தான். ஐரோப்பிய வழக்குக்கு அப்புறம், 2007 டிசம்பர்ல 10,000 யூரோ கட்டித்தான் சாம்பாக்காரங்களுக்கு மைக்ரோசாஃப்ட்டோட முறையான ஆவணங்களே கைக்கு வந்துச்சு. அதுவரைக்கும் கேள்வி ஞானம்தான்!

பழைய எஸ்.எம்.பி. வாயாடி. ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் கேட்டு, பதில் வர்ற வரைக்கும் நிற்கும். கேபிள்ல தெரியாது, வை-ஃபையில தெரியும். 54 மெகாபிட்னு பெட்டியில போட்டிருந்தாலும் கையில கிடைக்கிறது 20 மெகாபிட் வாக்குலதான். 4 ஜி.பி. ஃபைலுக்கு அரைமணி நேரம் ஆகும்.

லேப்டாப்புக்குக் கண்ணு தெரியாமப் போனதுக்குக் காரணம் வேற. ரெண்டு கம்ப்யூட்டர் சந்திச்சதும் எஸ்.எம்.பி.ல முதல்ல பரிமாறிக்கிறது 'எனக்கு இன்னின்ன வட்டார வழக்கு தெரியும்'ங்கிற பட்டியல். 2017 மே மாசம் வான்னாக்ரை வந்துச்சே, இங்கிலாந்துல ஆஸ்பத்திரியெல்லாம் ஸ்தம்பிச்சதே, அது பரவினது முதலாம் எஸ்.எம்.பி.ல இருந்த ஓட்டை வழியா. அதே வருஷ அக்டோபர்ல விண்டோஸ் 10-ல இருந்து அந்த வழக்கைத் தானா நிறுவுறதை நிறுத்தினாங்க. 2019-ல சாம்பாவும் இயல்பா அணைச்சு வச்சுட்டாங்க. நியாயம்தான், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. என் பெட்டிக்கு அந்த ஒரு வழக்குதான் தெரியும், அவ்வளவுதான்.

குடுமியான்மலை இசைக் கல்வெட்டு ஏழாம் நூற்றாண்டுதுன்னு சொல்வாங்க. கிரந்த எழுத்து, ஏழு பிரிவு, சுர வரிசையெல்லாம் கல்லுல அப்படியே இருக்கு. வாசிக்கவும் முடியுது. அன்னிக்கு எப்படிப் பாடினாங்கன்னுதான் தெரியல. அதோட படமும் இந்தப் பெட்டிக்குள்ளதான் மாட்டிக்கிட்டிருந்துச்சு.

டிஸ்க்கைக் கழட்டி நேரா சொருகலாமேன்னு தோணும். அதுல இருக்கிறது லினக்ஸ் அமைப்பு. விண்டோஸ் 'ஃபார்மேட் பண்ணவா?'ன்னு கேட்கும். ஆமாம்னு மட்டும் சொல்லிடாதீங்க, போச்சு.

நான் பென் டிரைவ்ல லினக்ஸைப் போட்டுக் கிளப்பி, சாம்பா அமைப்புல 'என்.டி.1 வரைக்கும் இறங்கிப் பேசலாம்'னு ஒரே ஒரு வரி சேர்த்தேன். வெளி இணையத்தைப் பிடுங்கி வச்சுட்டுத்தான். பெட்டி சட்டுனு பேரைச் சொல்லிச்சு. வை-ஃபையில காப்பி பண்ண ஆரம்பிச்சு, பத்து நிமிஷத்துல பொறுமை போய், கேபிளைச் சொருகிட்டேன். முதல்ல எடுத்தது சைக்கிள் படம்.